எலும்புக்கூட்டைப் பிரதி செய்வோர் கவனத்திற்கு

இதை எழுதுவதில்லை என்றுதான் மூன்று கிழமையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்றிரவு குசினியைக் கழுவிப் பூட்டிவிட்டுக் கடைசி ரெயினுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது மாஸ்ரர் ரெலிபோன் எடுத்தார். "தம்பி, நான் இனிச் சனிக்கிழமையில அங்க வரேல்லை. வீட்டில இருந்து கொப்பியில எழுதுறன். அதுதான் நல்லம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மிகவும் மரியாதையாகச் சொன்னார். அதற்குப் பிறகும் பேசாமல் இருந்தால் நான் மனிசன் இல்லை.

நடந்தது இதுதான். பாரிஸ் புறநகரில் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பதினொரு பழைய கணினிகள் இருக்கின்றன. ஒரு கந்தோர் கழித்துவிட்டதை வாங்கி, டெபியன் லினக்ஸ் போட்டு, பிள்ளைகளுக்குத் தமிழில் தட்டச்சுப் பழக்குகிறார்கள். பின்னேரங்களில் பெரியவர்களும் வந்து இருப்பார்கள். பிள்ளைகள் 31 பேர், பெரியவர்கள் 12 பேர், மொத்தம் 43 கணக்குகள். கோப்புகள் எல்லாம் ஒரு சேர்வரில் இருக்கின்றன. எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் பெயரைக் கொடுத்து உள்ளே போனால் அவரவர் கோப்புறை திறக்கும். லினக்ஸில் அந்தக் கோப்புறைக்குப் பெயரே ‘ஹோம்’. வீடு.

மாஸ்ரருக்கு வயது 78. வலிகாமம் வடக்கு ஆள். 1990இல் ஊரைவிட்டு எழும்பியவர். வீடும் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. 2019இலிருந்து ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். எந்த ஒழுங்கை எந்தக் கிணற்றடியில் திரும்பியது, எந்தத் தோட்டக் காணிக்கு என்ன பெயர், யாருடைய பரம்பரைக்கு என்ன பட்டப்பெயர் என்று எல்லாம். அவருக்கு வலது கை நடுங்கும். இரண்டு விரலால்தான் அடிப்பார். அதனால் லிப்ரே ஒபிஸில் இருக்கும் தன்னியக்கத் திருத்தத்தைப் பயன்படுத்தி ஒரு வேலை செய்து வைத்திருந்தார். ‘மாவ’ என்று அடித்து இடைவெளிக் கட்டையைத் தட்டினால் ‘மாவிட்டபுரம்’ என்று விழும். ‘காங்’ என்றால் காங்கேசன்துறை. ‘கீரி’ என்றால் கீரிமலை. குறிச்சிகள், கிணறுகள், ஒழுங்கைகள், ஆட்கள் என்று ஆயிரத்து இருநூறுக்கு மேல் குறுக்கங்கள். ஒவ்வொன்றாகத் தானே யோசித்துத் தானே சேர்த்தவர்.

அதோடு அவருடைய கை இலங்கைத் தட்டச்சுப் பொறியில் பழகிய கை. ஆகவே அவருக்கு ரெங்கநாதன் விசைப்பலகைதான் வரும். பிரெஞ்சுக் கட்டைகளின் முதல் வரிசை ஏ, இசட் என்று தொடங்குவது அவருக்கு ஒத்துவராது. அடியில் ஆங்கில அமைப்பு, அதற்கு மேல் ரெங்கநாதன், எழுத்துப் பெரிதாக. இதையெல்லாம் ஒரு திங்கட்கிழமை, எனக்கு லீவு நாளில், நான்தான் பக்கத்தில் இருந்து செய்து கொடுத்தேன்.

மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஓடவிட்டார். ஷெல் என்றால் எங்கள் சனத்துக்கு வேறு ஞாபகம் வரும். இது அது இல்லை. லினக்ஸில் நாம் கட்டளை அடிக்கும் இடத்துக்குப் பெயர் ஷெல். கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஒரே அடியில் ஓடவிட்டால் அது ஷெல் ஸ்கிரிப்ட். ஆறு வரி எழுதினால் 43 பேரின் வீட்டுக்குள்ளும் பத்து விநாடியில் போய்வரலாம்.

சனிக்கிழமை மாஸ்ரர் வந்து ‘மாவ’ என்று அடித்தார். வேறேதோ எழுத்து வந்தது. விசைப்பலகை தமிழ்99 ஆகிவிட்டது. எழுத்துச் சின்னதாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்று உதவி செய்து எப்படியோ ‘மாவ’ என்று எழுதிக் கொடுத்தது. இடைவெளி தட்டினார். ‘மாவ’ அப்படியே நின்றது. ஆயிரத்து இருநூறும் போய்விட்டது.

தம்பியிடம் கேட்டேன். "அண்ணை, ஸ்கிரிப்ட் சரியாத்தான் ஓடினது. ஒரு எரரும் வரேல்லை" என்றார். உண்மைதான். சுத்தமாக ஓடி, பூச்சியத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கும். லினக்ஸில் பூச்சியம் என்றால் வெற்றி என்று பொருள். பிறகு சொன்னார்: "ஐயான்ர கட்டுரை ஒண்டும் அழியேல்லைத்தானே. போனது செற்றிங்ஸ் மட்டும்தான். டீபால்ட் போட்டன், அவ்வளவுதான்."

அந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸில் ‘ஈரிசி’ என்ற கோப்புறைக்குள் ‘ஸ்கெல்’ என்று ஒரு சின்னக் கோப்புறை இருக்கிறது. ஸ்கெலிற்றன் என்பதன் சுருக்கம், அதாவது எலும்புக்கூடு. புதிதாக ஒருவருக்குக் கணக்குத் திறக்கும்போது அதற்குள் இருப்பவை அவருடைய வீட்டுக்குள் பிரதி செய்யப்படும். டெபியனை நிறுவிய கையோடு பார்த்தால் அதற்குள் பாஷ் ஷெல்லுக்கான மூன்று சின்னக் கோப்புகள்தான் இருக்கும். குடிவருகிற ஆளுக்கு ஒரு பாயும் ஒரு விளக்கும் வைத்துக் கொடுப்பது மாதிரி. அதற்குப் பிறகு அது அந்த ஆளின் வீடு. நாளைக்கு ஸ்கெல்லுக்குள் எதை மாற்றினாலும் ஏற்கனவே இருப்பவர்களின் வீட்டுக்குள் அது போகாது.

பல நிர்வாகிகள் இதை ஒரு குறைபாடு என்று நினைக்கிறார்கள். "பழைய ஆக்களுக்குப் புது டீபால்ட் போகுதில்லையே" என்று கவலைப்பட்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். எங்கள் தம்பி எழுதியதும் அதுதான். ஹோமுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புறையாக எடு. அதிலிருக்கும் பழைய அமைப்புக் கோப்புறையை, சுத்தமாக இருக்கட்டும் என்று, கேட்காமல் அழி. ஸ்கெல்லில் இருப்பதைப் பிரதி செய். உரிமையை அந்த ஆளின் பெயருக்கு மாற்று. அடுத்த வீட்டுக்குப் போ. இவ்வளவும் ரூட் அதிகாரத்தில். ரூட்டுக்கு எந்தக் கதவும் பூட்டில்லை.

டெபியனை ஆக்கியவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. அவர்களுடைய கொள்கை நூலிலேயே இருக்கிறது. ஸ்கெல்லை முடிந்தளவு வெறுமையாக வைத்திரு. எல்லோருக்கும் பொதுவான அமைப்பை ஈரிசிக்குள் பொதுவான இடத்தில் போடு என்கிறார்கள். ஏற்கனவே இருக்கும் கணக்குகளுக்குள் இவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க இலகுவான வழி கிடையாது, அப்படி ஒரு வழி இருப்பது விரும்பத்தக்கதா என்பதும் சந்தேகம் என்ற கருத்தும் அங்கேயே இருக்கிறது. தம்பி குறைபாடு என்று நினைத்தது வேண்டுமென்றே விட்ட இடைவெளி.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. டெபியனில் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, ஈரிசிக்குள் நிர்வாகி தன் கையால் மாற்றிய அமைப்புக் கோப்பு ஒன்று இருந்து, புதிய பதிப்பிலும் அந்தக் கோப்பு மாறியிருந்தால் என்ன நடக்கும்? டீபிகேஜி நின்று கேட்கும். நீங்கள் இதை மாற்றியிருக்கிறீர்கள், புதியதைப் போடவா, உங்களுடையதை வைத்திருக்கவா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டவா என்று கேட்கும். ஒன்றும் யோசிக்காமல் என்ரர் கட்டையைத் தட்டினால் உங்களுடையது அப்படியே இருக்கும். நிர்வாகி தொடாத கோப்பென்றால் கேட்காமலே புதியதைப் போடும். தொட்டதா தொடாததா என்று எப்படித் தெரியும்? முன்னர் கொடுத்த கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்ணை வைத்திருந்து ஒப்பிட்டுப் பார்க்கும்.

அதாவது நிர்வாகி கைபட்ட ஒரு வரிக்குக்கூட அந்த மென்பொருள் மரியாதை கொடுக்கிறது. அந்த மரியாதையைத் தினமும் வாங்கிக்கொள்ளும் நிர்வாகி, 78 வயது மனிசனின் ஆயிரத்து இருநூறு சொல்லுக்கு அதைக் கொடுக்கமாட்டாரா? யந்திரத்துக்கு இருக்கும் பண்பு எங்களுக்கு இல்லையா?

நான் புனிதன் என்று சொல்ல வரவில்லை. பாம்பின் கால் பாம்பறியும். யாழ் கம்பஸில் படித்த காலத்தில், 2005இல், லாப்பில் எனக்குக் கொஞ்ச நாள் ரூட் பாஸ்வேர்ட் கிடைத்தது. கிடைத்த முதல் கிழமையே எல்லோருடைய கணக்குக்குள்ளும் ஒரு ‘நல்ல’ பாஷ்ஆர்சி கோப்பைப் பிரதி செய்யும் ஸ்கிரிப்ட் எழுதினேன். நிறநிறமாக எழுத்து வரும். பெரிய சேவை செய்ததாக நினைப்பு. என்னோடு படித்த ஒருத்தி தன்னுடைய புரொஜெக்ட்டுக்கான பாதைகளையெல்லாம் அந்தக் கோப்பில்தான் எழுதி வைத்திருந்தாள். எல்லாம் போய்விட்டது. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வந்து ஒரு கேள்விதான் கேட்டாள்: "என்ன இருக்குது எண்டு திறந்து பாத்திட்டுத்தானே அழிச்சனீர்?" நான் பார்க்கவில்லை. அடுத்த வருசம் ஓகஸ்ட்டில் பாதை பூட்டினார்கள், பிறகு படிப்பும் போச்சு, நானும் வந்துவிட்டேன். பட்டம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறது.

இனி, தம்பிக்காக என்னோடு வாதாடிய ஆட்களுக்குப் பதில்.

"அது பொதுக் கணினி, மாஸ்ரரின்ர சொந்தச் சொத்தோ?" என்று ஒருவர் கேட்டார். சரி, பொதுக் கணினி. அப்படியென்றால் அதை முதலே சொல்லுங்கள். இங்கே எதையும் மாற்ற முடியாது, ஒவ்வொரு நாளும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஜினோம் மேசைச் சூழலில் பொது அமைப்புகளைப் போட்டு, எதை மாற்ற முடியாது என்று பூட்டும் வைக்கலாம். அதில் நேர்மை இருக்கிறது. ஆளுக்கொரு பெயர் கொடுத்து, ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்து, இது உன் வீடு என்று சொல்லி, வருசக்கணக்காக இருக்கவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை இரவு உள்ளே போய்த் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிவதற்குப் பெயர் நிர்வாகம் இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தால் உதவி செய்யச் சுகம்" என்றார் இன்னொருவர். யாருக்குச் சுகம்? பராமரிக்கிற ஆளுக்கு. நான் வேலை செய்த ஒரு குசினியில் புது முகாமையாளர் ஒருவர் வந்தார். ஒரு இரவு எங்கள் எல்லோருடைய மேசைகளையும் ஒரு படத்தைப் பார்த்து ஒரே மாதிரி அடுக்கிவிட்டார். அடுத்த நாள் மத்தியானம் எழுபது பேர் சாப்பிட இருக்கிறார்கள். இடக்கைக்காரப் பெடியன் ஒருவன் உப்புக் கிண்ணத்தைத் தேடித் தேடி மற்றவனின் மேல் முட்டுகிறான். நான் கத்தி இருக்கும் இடத்தில் கரண்டியை எடுக்கிறேன். படத்தில் எல்லாம் அழகாக இருந்தது. சாப்பாடுதான் வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே விட்டுவிட்டார். குசினியில் எங்கள் கைக்குப் பழகியதை யாரும் ‘செற்றிங்ஸ் மட்டும்தான்’ என்று சொல்லமாட்டார்கள். அதில்தான் வேலையே நடக்கிறது.

"அந்தப் பெடியன் சம்பளம் இல்லாமல் செய்யுறான், அவனைப் போட்டு வதைக்காதேங்கோ" என்பது மூன்றாவது. இதை மட்டும் கொஞ்சம் ஒப்புக்கொள்கிறேன். தம்பி நல்ல பிள்ளை. பிள்ளைகள் எல்லோருக்கும் தமிழ்99 வரவேண்டும் என்ற நோக்கமும் நல்லதுதான். அந்த 31 பேருக்கும் இதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் சம்பளம் வாங்காதவன் உடைத்தாலும் சட்டி உடைந்ததுதான். அதோடு, சரியாகச் செய்வதற்கு இதைவிடக் கூட நேரம் தேவையில்லை. தம்பிமார், உங்களுக்காகவே எழுதுகிறேன், வாசியுங்கள்.

முதலாவது, வீட்டுக்குள் போகவே தேவையில்லாத அலுவலுக்குப் போகாதே. ஷெல்லுக்குப் பொதுவானது என்றால் ஈரிசிக்குள் புரொபைல் கோப்பு இருக்கிறது. ஜினோமுக்கு என்றால் டீகொன்ப் இருக்கிறது. பொதுத் தளம் ஒன்றை ஈரிசிக்குள் எழுதிவைத்தால், தானாக ஒன்றும் மாற்றாத ஆளுக்கு அது வரும், மாற்றிய ஆளுக்கு அவர் மாற்றியது நிற்கும். விசைப்பலகையும் அப்படித்தான். பிள்ளைகளுக்குத் தமிழ்99 போயிருக்கும், மாஸ்ரரின் ரெங்கநாதன் இருந்திருக்கும். ஒரு ஆளின் ஜினோம் அமைப்புகள் முழுவதும் அவருடைய வீட்டில் ஒரே ஒரு கோப்பில்தான் இருக்கின்றன. அந்தக் கோப்பைப் பிரதி செய்து மேலே போடுவது, ஒரு கதவின் நிறத்தை மாற்றுவதற்காக வீட்டையே இடித்துக் கட்டுவது மாதிரி.

இரண்டாவது, பிரதி செய்துதான் ஆகவேண்டும் என்றால் டீபிகேஜி செய்வதை நீயும் செய். பழைய டீபால்ட்டை எறியாமல் வைத்திரு. ஆளின் கோப்பை அதோடு ஒப்பிட்டுப் பார். அதற்கென்றே ‘சிஎம்பி’ என்ற கட்டளை இருக்கிறது. இரண்டும் ஒன்றென்றால் அந்த ஆள் தொடவில்லை, தாராளமாகப் புதியதைப் போடு. வித்தியாசம் இருந்தால் தொடாதே. புதியதை வேறு பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆளுக்குச் சொல். இதற்கு ஸ்கிரிப்டில் நாலு வரி கூடும்.

மூன்றாவது, பிரதி செய்யும் ‘சீபீ’ கட்டளைக்கு, இருப்பதன் மேல் எழுதாதே என்று சொல்ல ‘என்’ என்ற ஒரேயொரு எழுத்துப் போதும். பழையதை வேறு பெயரில் காப்பாற்றி வை என்று சொல்லவும் வழி இருக்கிறது. ஒரு எழுத்து, தம்பி. ஒரு எழுத்தை மிச்சம் பிடித்து ஆயிரத்து இருநூறு சொல்லை அழித்தோம்.

நாலாவது, ரூட்டாக நின்றுகொண்டு மற்றவனின் வீட்டுக்குள் எழுதாதே. இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. புதிதாகப் பிரதியாகும் கோப்புகள் ரூட்டின் பெயரில் நின்று, சொந்தக்காரனே மாற்றமுடியாமல் போகும். அதைவிட மோசம், யாராவது தன் அமைப்புக் கோப்பின் பெயரில் வேறொரு கோப்புக்கு ஒரு இணைப்பைப் போட்டு வைத்திருந்தால், ரூட்டாகப் போகும் உன்னுடைய பிரதி அந்த இணைப்பு வழியே போய்ச் சேர்வரின் முக்கியமான கோப்பு ஒன்றின் மேலேயே எழுதிவிடலாம். அந்தந்த ஆளாக மாறி நின்று செய்ய ‘ரன்யூசர்’ என்ற கட்டளை இருக்கிறது. அந்த ஆளால் செய்ய முடியாததை அப்போது உன்னாலும் செய்ய முடியாது. அதுதான் நல்லது.

ஐந்தாவது, ஓடவிடுமுன் காப்புப் பிரதி எடு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இந்த நாட்டுக்கு நான் வந்த புதிதில், ஒரு கந்தோரில் படிவம் நிரப்பினார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாதாம். அப்பாவின் பெயரை அதற்குள் போட்டார்கள். அன்றிலிருந்து வைத்தியசாலையிலும் வங்கியிலும் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் அது டீபால்ட் மட்டும்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, எரரும் வரவில்லை. இங்கே வாழும் தமிழர்களில் அரைவாசிப் பேருக்காவது இந்தக் கதை இருக்கும். அதை அனுபவித்த நாங்களே, எங்கள் பள்ளிக்குள், எங்கள் கிழவர் ஒருவருக்கு அதையே செய்கிறோம். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை எனக்கு லீவு. மாஸ்ரர் வீட்டுக்குப் போகிறேன். அவர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல நான் அடிப்பதாக ஏற்பாடு. எத்தனை திரும்பி வரும் என்று தெரியாது. "சில குறுக்கம் நானே மறந்திட்டன் தம்பி. அடிக்கேக்க விரலுக்குத்தான் ஞாபகம் வரும்" என்றார் நேற்று.

தம்பி, இதை வாசிப்பீர் என்று தெரியும். கோபம் வரும், வரட்டும். ஆனால் திங்கட்கிழமை நீரும் வாரும். இரண்டு பேர் அடித்தால் கெதியாக முடியும். வந்து மாஸ்ரரிடம் ஒரு வார்த்தை சொல்லும். செற்றிங்ஸ் மட்டும்தான் என்று மட்டும் சொல்லாதேயும்.